மறு: “போலி” வேண்டாம், “அலசல்” இருக்கட்டும்

அன்பு நண்பர்களுக்கு,

சூடோமிக்ஸோமா என்ற வயிற்று நோய்க்கும் அதன் சிகிச்சைக்கும் நம் நோயாளிக் கையேட்டில் எந்தத் தமிழ்ச்சொற்களை வைப்பது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்.

> சூடோமிக்ஸோமாவை “போலிச் சளிக்கட்டி” எனலாமே?

ஐயா, வேர்ச்சொல்படி சரிதான். ஆனால் இந்தக் கையேட்டைப் படிக்கப்போவது நோயாளி. “போலி” என்று கண்டதும், அப்பாடா, ஒன்றுமில்லை என்று மடித்து வைத்துவிடுவார். நடப்பது வேறு. பெரும்பாலும் குடல்வாலில் வளர்ந்த கட்டி வெடித்து, இழுது சுரக்கும் செல்கள் வயிற்றுக்குள் சிந்துகின்றன. பிறகு, பல நேரம் ஆண்டுக்கணக்கில், நுங்குபோல வழவழவென்று சேர்ந்து குடலைச் சுற்றி அடைத்துக்கொள்கிறது. இடுப்புத்துணி இறுகும்போது தொப்பை என்றே நினைக்கிறார்கள். குடலிறக்கத்துக்குக் கத்தி வைத்தபோது தெரியவந்தவர்களும் உண்டு. ஜெல்லிமீனை இழுதுமீன் என்கிறோமே, அந்த இழுதையே எடுத்துக்கொள்வோம்: “வயிற்று இழுதுக்கட்டி நோய்”.

அறுவைக்கு “செல்குறைப்பு” எனக்கு ஒட்டவில்லை. வாஷிங்டனில் அறுவை மருத்துவர் பால் சுகர்பேக்கர் வகுத்த முறையில், கண்ணில் படும் கட்டியை எல்லாம், அது படிந்த வயிற்று உள்ளுறையோடு உரித்தெடுக்கப் பார்க்கிறார்கள். 10 மணி நேரம்கூட ஆகும். இது குறைப்பு இல்லை, களையெடுப்பு. “கட்டிக்களைவு” என்பேன்.

அப்புறம் ஹைபெக் (HIPEC) என்னும் சிகிச்சை. களைந்து முடித்ததும், மைட்டோமைசின் போன்ற புற்றுநோய் மருந்தை 41 முதல் 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் வயிற்றறைக்குள் 60 முதல் 90 நிமிடம் சுழலவிடுகிறார்கள். மருந்து திசுவுக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும்; அதனால்தான் களைவு முதலில். வெந்நீர் போல இது வெம்மருந்து. துவைத்த துணியை அலசுவதுபோலக் கடைசியில் அலசுகிறார்கள். ஆக, “வயிற்றறை வெம்மருந்தலசல்”.

> அலசல் என்றால் ஆய்வு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? “சுற்றோட்டம்” பொருந்துமே?

அம்மா, சுற்றோட்டம் என்றதும் மனம் இரத்தத்துக்குப் போய்விடும். மருந்து இரத்தத்தில் அதிகம் கலக்காமல் வயிற்றறையிலேயே செறிவாக நிற்பதுதான் இந்த முறையின் உயிர். அந்தச் சொல் நேர் எதிராகக் கொண்டுபோகும். ஆய்வு என்ற ஐயத்தை முன்னால் நிற்கும் “மருந்து” என்ற சொல்லே தீர்த்துவிடும். போன மாதம் ஒரு நோயாளியின் அக்காவிடம் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். “கட்டியெல்லாம் எடுத்துட்டு, சுடுமருந்து விட்டு அலசினாங்க” என்றார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த சொல் அது.

அவர் வாயில் வந்த “சுடுமருந்தலசல்” இன்னும் எளிது என்றால் அதற்கும் சம்மதம். பக்கத்திலேயே ஹைபெக் என்றும் போடுவோம். மருத்துவர் அறையில் காதில் விழுவது அதுதான். வெம்மருந்தா சுடுமருந்தா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். அச்சுக்குப் போக வேண்டும்.

அன்புடன்.