வைஃபை சிக்னல் ஃபுல்லு, ஆனா நெட் வரல?

கோத்தகிரிக்காரி: மழை புடிச்சா எங்க ஊர்ல இதே கதைதாங்க, சிக்னல் ஃபுல்லா காட்டுது ஆனா ஒண்ணும் ஓப்பன் ஆக மாட்டேங்குது, ரேஷன் கடையில கைரேகை மிஷினும் சுத்திக்கிட்டே நிக்குது, பாவம் வயசானவங்க மேடேறி வந்துட்டு சும்மா திரும்புறாங்க. ரவுட்டர மாத்தணுமா?

குன்னூர் தம்பி: மாத்தாதீங்கக்கா. அந்த சிக்னல் உங்க போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவுல மட்டும்தான். ஃபைபர் வந்து சேர்ற பெட்டியில எல்ஓஎஸ்னு (LOS) போட்ட லைட் சிவப்பா எரியுதா பாருங்க, எரிஞ்சா வெளிய இருந்து வர்ற ஃபைபர்ல, அதாவது டேட்டாவ வெளிச்சமா கொண்டு வர்ற கண்ணாடி இழை கேபிள்ல, வெளிச்சமே வரலைன்னு அர்த்தம்.

மலைராசா: ஒரு வழி அடைச்சா பாக்கெட், அதாவது நெட்ல போற டேட்டாவோட சின்னச் சின்னத் துண்டு, வேற வழியில போகும், நெட்டோட டிசைனே அதான். ஆனா ஊருக்கு வர்றதே ஒத்த லைன்னா, ரோட்டோரம் மண்ணு சரிஞ்சதும் அது எங்க சுத்தி வரும்? ரெண்டாவது லைன் கேட்டு எல்லாரும் சேர்ந்து மனு குடுங்க.

கோத்தகிரிக்காரி: சிவப்புதான் தம்பி எரியுது. கம்ப்ளைன்ட் போட்டுட்டேன்.