லட்சியத்தோடு தொழில் தொடங்கியவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

தையல்கணக்கு:

நானே ஆரம்பிக்கிறேன். இல்லாவிட்டால் எல்லாரும் வெற்றிக் கதை சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

எங்களுடையது தையல் யூனிட். சிறையிலிருந்து விடுதலையாகி வரும் பெண்களைத்தான் வேலைக்கு எடுப்போம். ஏன், எப்படி என்பதெல்லாம் வேறு கதை. மூன்றாவது வருடம் ஒரு துண்டுப்பிரசுரம் அடித்தோம். முன்பக்கத்தில் எங்களிடம் துணி வெட்டும் அக்கா கத்தரிக்கோலோடு சிரிக்கிறார். கீழே, ‘இவருக்கு மறுவாழ்வு கொடுத்தது உங்கள் ஒரு ஆர்டர்’ என்று ஒரு வரி. எழுதியது நான்தான். எழுதிவிட்டு இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன் வேறு.

பெட்டிகள் வந்து இறங்கிய அன்று, எல்லாரும் கிளம்பிய பிறகு அவர் உள்ளே வந்தார். ஒரு பிரதியை என் மேசைமேல் வைத்தார். படத்தில் இருந்த தன் முகத்தின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டார். பேசி முடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை. “துணி வெட்டுறதுக்குச் சம்பளம் தர்றீங்க மேடம், சரி. இதுக்கு எவ்வளவு?”

பணம் கேட்கிறார் என்று நினைத்தேன். ஒரு தொகையைச் சொல்ல வாயும் திறந்துவிட்டேன். அந்த வாய் திறந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

ரிப்பேர்காரன்:

அந்தக் கட்டைவிரல் இன்றைக்கு என்னைத் தூங்கவிடாது.

எனக்கு நடந்தது சின்னது. பழைய மடிக்கணினிகளை வாங்கிப் பழுதுபார்த்து, புதிது வாங்க வசதியில்லாத மாணவர்களுக்கு விற்கிறோம். முதலீட்டாளர் ஒருவர் முன்னால் இருபது ஸ்லைடு ஓட்டினேன். பதினெட்டு வரை தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: “எல்லா மாணவர் கையிலயும் ஒரு மெஷின் வந்துடுச்சுன்னு வைங்க. அன்னைக்குச் சந்தோஷப்படுவீங்களா, பயப்படுவீங்களா?”

“சந்தோஷம்தான் சார்” என்றேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்பே என் கண், கையில் இருந்த தாளில் மேலே ஏறிக்கொண்டிருந்த விற்பனைக் கோட்டுக்குப் போய்விட்டது. அவர் அதைப் பார்த்தார். பார்த்ததை நானும் பார்த்தேன். பணம் போடவில்லை, அது போகட்டும்.

பழைய பேரேடு:

முதல் பதிவு போட்ட அம்மாவுக்கு: தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படம் எடுக்கச் சம்மதம் கேட்டுக் கையெழுத்தும் வாங்கியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அதற்குமேல் என்ன செய்ய முடியும்? ஒரு முகமும் இல்லாமல் லட்சியத்தை எப்படி விற்பது? வாங்குகிறவர் அந்தக் கதைக்கும் சேர்த்துத்தான் காசு தருகிறார்.

என் கதை இரண்டு வரி. நண்பரோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனி. முதலீடு வந்த பிறகு நடந்த ஒரு போர்டு மீட்டிங்கில், அஜெண்டாவில் ஆறாவதாக இருந்த ‘சமூக நோக்கம்’ என்பதை, நேரமாகிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளினார்கள். அடுத்த முறை அஜெண்டாவிலேயே அது இல்லை. யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் இளையவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். நோக்கத்தை வாய்ப்பேச்சில் விடாதீர்கள், பங்கு யார் கையில் இருக்கிறது என்பதில் கட்டுங்கள். பென் அண்ட் ஜெர்ரிஸ் என்ற அமெரிக்க ஐஸ்கிரீம் கம்பெனியை 2000-இல் யூனிலீவர் வாங்கியபோது, சமூக நோக்கத்தைக் காப்பதற்கென்றே தனி இயக்குநர் குழு இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அப்படியும் 2022-இல் அந்தக் குழு தாய் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட வேண்டி வந்தது. அதே 2022-இல் பட்டகோனியா என்ற அமெரிக்க ஆடை நிறுவனத்தின் நிறுவனர் இவோன் ஷுனார்ட் வேறு வழி எடுத்தார். ஓட்டுரிமை உள்ள பங்குகளை ஒரு அறக்கட்டளைக்கும், மீதி 98 சதவீதத்தை சுற்றுச்சூழலுக்காக வேலை செய்யும் ஒரு அமைப்புக்கும் குடும்பமே எழுதிக் கொடுத்துவிட்டது. விற்பதற்குக் கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாராலும் முடியாதுதான். ஆனால் முதல் முதலீட்டாளர் கையெழுத்துப் போடும் முன் யோசிக்க வேண்டியது இதுதான்.

அடுத்தது, அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கியது, அதுவும் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. பணம் தருகிறவருக்கும் தராதவருக்கும் அதே டாக்டர்கள். ஒரு மேசையில் அறுவை முடிவதற்குள் பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார், டாக்டரின் நேரம் வீணாகாது. கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸ் கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992-இல் ஆரோலாப் என்ற தொழிற்கூடம் தொடங்கித் தாங்களே செய்தார்கள். இத்தனை பேர் கட்டணம் கட்டினால் இத்தனை பேருக்கு இலவசம் என்ற கணக்கை உங்கள் தொழிலுக்கும் முதல் மாதமே போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் சம்பளம். எடுக்காவிட்டாலும் செலவில் எழுதுங்கள். எழுதாவிட்டால், லாபம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உங்கள் ஓசி உழைப்பைத்தான். வரவேண்டிய பாக்கியைத் திங்கட்கிழமைதோறும் பாருங்கள். மூன்று மாதச் சம்பளத்துக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள்.

வெயில்கொடி:

பேரேடு சார், அரவிந்தைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அங்கே கண்கட்டை அவிழ்த்ததும் பார்வை வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

நாங்கள் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் செய்கிறோம். ஒன்று விற்றால் ஒன்று இலவசம், விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்களுக்கு. ஒரு விடுதிக்கு இருநூறு பொட்டலம் கொடுத்திருந்தோம். எட்டு மாதம் கழித்துப் போனேன், படம் எடுக்கத்தான் போனேன் (தையல்கணக்கு, நீங்கள் தனியாள் இல்லை). காப்பாளர் அலமாரியைத் திறந்து காட்டினார். இருநூறும் இருந்தன. நாங்கள் கட்டிய பச்சை நாடா முடிச்சுகூட அவிழவில்லை.

ஏன் என்று கேட்டால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கடைசியில் ஒருத்தி, என்னிடம் இல்லை, என் செருப்பிடம் சொன்னாள்: “துவைச்சுட்டு எங்கக்கா காயப்போடுறது?” ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். இருந்தது ஒரே கொடி. அது ஆண்கள் விடுதிக்கு நேர் எதிரே. ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு தாள் வைத்திருந்தோம். ‘நல்ல வெயிலில் உலர்த்தவும்’ என்று கொட்டை எழுத்தில்.

மலிவு விலை நாப்கின் இயந்திரம் கண்டுபிடித்த கோவை முருகானந்தம், நாப்கினைச் சோதிக்க, பந்து பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பித் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு நடந்தார். நான் எக்செல் தாளில் நடந்தேன். அந்த வருட அறிக்கையில் அந்த இருநூறும் ‘பயன்பெற்றோர்’ எண்ணிக்கையில் ஏறியிருக்கிறது. டாம்ஸ் என்ற அமெரிக்கக் காலணி நிறுவனம் 2006-இல் தொடங்கிய ‘ஒரு ஜோடி வாங்கினால் ஒரு ஜோடி இலவசம்’ திட்டத்தைப் பின்னாளில் அவர்களே கைவிட்டு, லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுப்பதாக மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் இன்னும் கைவிடவில்லை. கொடுப்பதற்கு முன்னால் கொடி எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இரவுப்பணி:

வங்கி வரிசை. எனக்கு முன்னால் மூன்று பேர் தள்ளி, எங்களிடம் நான்கு வருடம் இருந்துவிட்டுப் போன பையன். நல்ல வேலைக்காரன். ஏன் போனான் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரையும் அதட்ட மாட்டோம், முதலாளி என்ற பேச்சே கிடையாது, எல்லாரும் ஒரே குடும்பம். இதை நான் மேடையில்கூடப் பெருமையாகச் சொல்வேன்.

தேநீருக்குக் கூப்பிட்டேன், வேலை இருக்கிறது என்றான். சரி, ஏன் போனாய் என்றாவது சொல் என்று கேட்டேன். டோக்கன் சீட்டை மடித்துக்கொண்டே இருந்தான், நகம் அளவுக்கு வந்துவிட்டது. “வேற எடத்துல சம்பளம் கூட்டிக் கேட்டா இல்லைன்னு சொல்வாங்க சார், அவ்வளவுதான். உங்ககிட்ட கேட்டா துரோகம் பண்ற மாதிரி இருந்துச்சு.”

அவன் எண்ணைக் கூப்பிட்டார்கள். போய்விட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தேன், அந்த நான்கு வருடத்தில் அவன் ஒரு தடவைகூடச் சம்பளத்தைப் பற்றி எழுதியதில்லை. பொங்கிப் பொங்கி நான் அனுப்பிய நன்றி மடல்கள் மட்டும் பதினாறு.

பழைய பேரேடு:

பையன் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் போனது யார் தப்பு? வருடம் ஒருமுறை சம்பளத்தைப் பரிசீலிக்க ஒரு தேதியைக் குறித்து எல்லாருக்கும் சொல்லிவிட்டால் இந்தச் சங்கடமே வராது. அதேபோல அந்தத் துண்டுப்பிரசுர விஷயத்திலும், எழுத்தில் சம்மதம் இருந்தால்…

தையல்கணக்கு:

சார், கையெழுத்து வாங்கியிருந்தோம். அதை நானும் அவரிடம் சொன்னேன். “வேலை குடுக்கிறவங்க நீட்டுற பேப்பர்ல எப்படி மேடம் கையெழுத்துப் போடாம இருக்கிறது?” என்றார். அதற்கு உங்கள் பட்டியலில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டோம். அந்த மாதம் ஆர்டர் குறைந்தது, அதனால்தானா என்று தெரியாது. அச்சடித்த தாள் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. பின்பக்கம் வெறும் வெள்ளை, கெட்டித் தாள். அந்த அக்காவே எடுத்து, பின்பக்கத்தில் காலர் அளவு வரைந்து, தன் முகத்தின் குறுக்கே வெட்டிக்கொண்டிருக்கிறார். பழைய காகிதம்தானே என்கிறார்.

ரிப்பேர்காரன்:

பேரேடு சார், மரியாதையோடுதான் கேட்கிறேன். உங்கள் கதை இரண்டு வரி, அறிவுரை இரண்டு பக்கம். அந்த ஆறாவது விஷயத்தை அடுத்த மீட்டிங்கில் நீங்கள் ஏன் கேட்கவில்லை?

பழைய பேரேடு:

முதல் மீட்டிங்கில் ஏழாவதாக இருந்தது என் சம்பள உயர்வு. அதற்கு நேரம் இருந்தது.