மறு: பிரேக் ஹைட்ராலிக் யூனிட் அட்டவணையில் ‘டார்க்’குக்கு என்ன சொல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நட்டு, போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்லும் பாடக்குறிப்பு அட்டவணையில் ‘டார்க்’குக்கு (torque: திருப்பும் விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது) ‘இறுக்களவு’ என்று போடலாமா என்று கேட்டிருந்தேன். மறுமொழி மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

‘முறுக்கு விசை’யை விட்டுவிட்டேன். காரணம் வகுப்பில் கிடைத்தது. கார் சறுக்காமல் காக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு (ESC) உள்ள ஒரு காரில், சக்கரங்களுக்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக் யூனிட்டில் பிரேக் குழாய் நட்டுக்கு 14 நியூட்டன் மீட்டர் என்று பலகையில் எழுதினேன். “நீளமான ஸ்பேனர் பிடித்தால் 14-ஐக் குறைக்கணுமா சார்?” என்றான் ஒரு மாணவன். குறைவது கை கொடுக்கும் விசை, 14 மாறாது. விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவதற்கு ‘விசை’ என்றே பெயர் வைத்தால் பையன் அப்படித்தான் கேட்பான். ‘திருப்பு விசை’க்கும் இதே குறை.

‘முறுக்கம்’ அழகான சொல். முறுகு தன்வினை, முறுக்கு பிறவினை. டார்க்கின் லத்தீன் மூலத்துக்கும் முறுக்குதல்தான் பொருள். ஆனால் தண்டு முறுகித் திரிவதற்கு (torsion) அந்தச் சொல் வேண்டுமே, ஐயா!

அப்புறம் ‘இறு’ (முறி), ‘இறுக்கு’ இரண்டுக்கும் வேர் ஒன்றா என்ற ஆராய்ச்சி. மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு இறும் என்ற குறளை மூன்று பேர் எடுத்துக்காட்டிவிட்டார்கள். வேர் ஒன்றோ இரண்டோ, பட்டறையில் இறுக்குவதும் இறுவதும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. யூனிட்டின் உடல் அலுமினியம். மிகையாக இறுக்கினால் மரை போய்விடும், குழாயின் விரிந்த வாய் நசுங்கும். குறைத்தால் பிரேக் ஆயில் கசியும்.

அதனால்தான் ‘இறுக்களவு’ என்றேன். இறுக்கு + அளவு. ‘இறுக்கு’வின் கடைசி உகரம் உயிர் வந்ததும் மறைகிறது (உக்குறள் மெய்விட்டு ஓடுகிறது), அவ்வளவே. சில போல்ட்டுகளை இத்தனை நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, பிறகு 90 பாகை திருப்பச் சொல்வார்கள். அந்த 90 பாகை டார்க் அல்ல. ஆனால் இறுக்களவில் அதுவும் சேரும்.

பிரித்து ‘இறுக்கும் அளவு’ என்று எழுதச் சொன்ன அம்மாவுக்கு: பெரும்பாலோர் உங்கள் பக்கம். சந்தி பிரிக்கத் திணறும் மாணவரை நினைத்து அட்டவணையில் அப்படியே போடுகிறேன். குறித்த டார்க் வரை இறுக்க உதவும் ஸ்பேனரான டார்க் ரென்ச், டார்க் ரென்ச்சாகவே இருக்கட்டும்.

மேல்நிலைப் பள்ளி நூலோடு முரண்படக்கூடாது என்று ‘திருப்பு விசை’ ஐயா இன்னும் மறுக்கிறார். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் என் மாணவர்களில் பலர் பத்தாம் வகுப்போடு வந்தவர்கள். அங்கே படித்தது ‘திருப்புத்திறன்’.

இன்னொன்று. குழாய் மாட்டியபின் ‘ஏர் எடுக்கிற’ (பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றுகிற) வேலைக்குக் ‘காற்றெடுப்பு’ சரியா? ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள்.