தண்டையார்பேட்டையில் பழைய அடுக்குமாடி வீடு: பரிசோதிக்கும் பொறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி (தண்டையார்பேட்டை வாசகி):
வணக்கம். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், 22 ஆண்டுகள் பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு வீட்டை விலைபேசி, முன்பணம் கொடுக்கும் கட்டத்தில் இருக்கிறோம். தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞர் பார்த்துவிட்டார். வீடு முழுவதும் புதிதாக வண்ணம் பூசியிருக்கிறார்கள். ஆனால் என் அம்மா சமையலறைச் சுவரில் கை வைத்தவுடன் ஓதம் இருப்பதாகச் சொன்னார். தரகர் தமக்குத் தெரிந்த பொறியாளரை அழைத்து வருவதாகவும், வங்கியின் மதிப்பீட்டாளரும் வருவார் என்றும் சொல்கிறார். அதுவே போதுமா?

பதில் 1 (கட்டமைப்புப் பொறியாளர், பெரம்பூர்):
போதாது, அம்மா. கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்க்கவே வங்கியின் மதிப்பீட்டாளர் வருகிறார். கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலையன்று. நம் நாட்டில் வீட்டுப் பரிசோதகர் என்ற தொழிலுக்குத் தனி உரிமம் கிடையாது என்பதால், அந்தப் பெயரில் வருபவரின் படிப்பையும் பதிவையும் நீங்களே கேட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர்களில், பழைய கட்டடங்களைச் சீரமைத்த அனுபவம் உள்ளவராகத் தேடுங்கள்.

உங்கள் பகுதியில் முதல் கவலை உப்புக் காற்றுதான். அந்த உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு கம்பியைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்துப் பெயர்கிறது. கடலோரச் சூழலுக்கு வெளிப்பட்டிருக்கும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன்) வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456:2000 என்ற இந்தியத் தர விதிநூல். ஆகவே, அந்தத் தடிமனை அளக்கும் கவர் மீட்டரைக் கொண்டுவருவாரா என்று கேளுங்கள். கான்கிரீட்டின் காரத்தன்மையும் கம்பியைக் காக்கிறது; அதை அறியப் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியைத் தெளித்துப் பார்ப்பாரா என்றும் கேளுங்கள் (குளோரைடை அது காட்டாது). புதிதாக உடைத்த கான்கிரீட்டில் அதைத் தெளித்தால், காரத்தன்மை குறையாத இடம் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி கம்பி வரை எட்டியிருந்தால் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். சுத்தியல் சோதனை மட்டும் செய்துவிட்டுக் கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று எழுதித் தருபவரை ஏற்காதீர்கள். அது காட்டுவது மேற்பரப்பின் கடினத்தன்மையை மட்டுமே.

பதில் 2 (திருவொற்றியூர்வாசி):
விற்பவர் அழைத்து வந்த பொறியாளரை நம்பி வாங்கியவன் நான். அவர் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்தார். முதல் மழைக்காலத்திலேயே குளியலறைச் சீலிங் பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. பிறகு நானே கூலி கொடுத்து அழைத்தவர் மொட்டை மாடி, தரைத்தொட்டி, கீழ்த்தளத் தூண்கள் என்று எங்கள் வீட்டுக்கு வெளியே இருந்தவற்றைத்தான் முதலில் பார்த்தார். எங்கள் குளியலறைக்கு நேர் மேலே இருக்கும் வீட்டுக்கும் ஏறிப்போய்க் குழாய்களைப் பார்த்தார். பழுதுபார்க்கும் ஒப்பந்தத்தைத் தாம் எடுப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அவரை நம்பினேன். முன்பு வேறொரு வீட்டுக்கு எழுதிய அறிக்கையைப் பெயர் மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த இடத்தில், எந்தக் கருவியில், என்ன அளவு வந்தது என்று படத்துடன் அதில் இருக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்பதைத் தரைத்தள வீட்டாரிடம் நீங்களே கேளுங்கள்.

தண்டையார்பேட்டை வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. கான்கிரீட்டை உடைத்துப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது?

பதில் 1-இன் தொடர்ச்சி:
அவருடைய சம்மதம் மட்டும் போதாது. தூண்கள் பொதுவானவை என்பதால் குடியிருப்போர் சங்கத்தின் சம்மதமும் வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன், பரிசோதனைக்கு அனுமதி உண்டு என்றும், கட்டமைப்பில் பெருங்குறை தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் வழக்கறிஞரைக் கொண்டு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதற்கும் உடன்படவில்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். அம்மா கை வைத்த அந்தச் சமையலறைச் சுவரிலிருந்தே பரிசோதனையைத் தொடங்கச் சொல்லுங்கள்.