அர்ஷிதுக் ஜோசஃப் எது, மொஸ்யே தில்யே எது?

தேன்சிட்டு:
'அர்ஷிதுக் ஜோசஃப்' என்று விற்கப்படும் டீ ரோஜாவை (தேயிலை மணத்தால் பெயர்பெற்ற பழைய ரோஜா வகை) இனி 'மொஸ்யே தில்யே' என்றே அழைக்க வேண்டும் எனச் சிலர் வலியுறுத்துவதை என்னால் ஏற்க இயலவில்லை. பின்னதை 1891இல் பிரான்சின் லியோன் வட்டாரத்து ரோஜா வளர்ப்பாளர் பெர்னேயும், முன்னதை 1892இல் அந்நாட்டின் தென்கரையிலுள்ள கோல்ஃப்-ஜுவானில் வளர்ப்பாளர் நபோனானும் வெளியிட்டனர். இரண்டும் செம்பு கலந்த இளஞ்சிவப்பு என்பதால் பண்ணைகளில் கலந்துபோய், ஒரே செடி இடத்துக்கு ஒரு பெயரில் வளர்கிறது. டீ ரோஜாவின் நிறம் குளிரில் ஆழ்ந்து வெயிலில் வெளிறும் என்று தெரிந்த பிறகும், பழைய பட்டியல்களின் இரண்டு வரி வர்ணனையை நம்பி, தலைமுறைகளாக வழங்கும் பெயரைப் பறிப்பது முறையா?

கொடிமுல்லை:
நிறத்தை நம்பலாகாது என்பதில் நமக்குள் வேறுபாடில்லை, தேன்சிட்டு அவர்களே. ஆனால் பூக்காம்பின் தடிமன், அதில் சுரப்பிமயிர் உண்டா இல்லையா என்பது, பூவின் அடியில் திரண்டிருக்கும் சூலகக் கிண்ணத்தின் வடிவம், முட்களின் வளைவு ஆகியவை வெயிலுக்கு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. பூவைக் கவிழ்த்துப் பார்ப்பவருக்கே அடையாளம் கிடைக்கும். 1810ஐ ஒட்டிச் சீனாவிலிருந்து இங்கிலாந்து வந்த ஹியூமின் ரோஜாவை (டீ ரோஜாக்களின் மூதாதைகளுள் ஒன்று) மலர் ஓவியர் ரெதூத்தே வரைந்து வைத்ததால்தான், இன்று அப்பெயரில் விற்கும் செடிகளை நம்மால் ஐயுற முடிகிறது. நெடுங்காலம் வழங்கியது என்பதாலேயே ஒரு பெயர் சரியாகிவிடாது.

செங்காந்தள்:
மரபணுச் சோதனையே இதைத் தீர்த்துவிடாதா?

தேன்சிட்டு:
தீர்க்காது. 1869இல் கியோ வெளியிட்ட 'கத்தரீன் மெர்மே' டீ ரோஜாவின் கிளைமாற்றமாக (ஒரு கிளை மட்டும் தானே மாறிப் பூப்பது) வந்த வெண்ணிற 'தி பிரைட்', கண்ணுக்கு வேறு பூ. வழக்கமான சோதனையிலோ தாய்ச் செடியேதான். மேலும், இரு செடிகள் ஒன்றே எனச் சோதனை சொல்லலாமே தவிர, ஐயத்துக்கு இடமில்லாத மூலச் செடி கையில் இல்லாதபோது, அதன் பெயர் இன்னது என்று சொல்லாது.

கொடிமுல்லை:
பெயரைச் சொல்லாது, ஆனால் பொருந்தாததை விலக்கும். 'அர்ஷிதுக் ஜோசஃப்' 1878இல் லாஷார்ம் வெளியிட்ட 'மதாம் லொம்பார்' வழி வந்த நாற்று என்பது பதிவு. தாயின் மரபுக்கூறுகளில் ஒரு பாதி பிள்ளையிடம் இருந்தே தீர வேண்டும். அது இல்லாத செடிக்கு அந்தப் பெயரில் உரிமையில்லை.

தேன்சிட்டு:
அந்த 'மதாம் லொம்பார்' மெய்யானதுதானா என்பதை முதலில் நிறுவுங்கள். அதுவரை பெயர்ப்பலகையில் இரண்டு பெயர்களையும், பதியன் வந்த தோட்டத்தையும் எழுதி வைப்பதே நேர்மை.

கொடிமுல்லை:
இரண்டு பெயர்களையும் எழுதலாம்; எது ஐயத்துக்குரியது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.