பெண்ட் பைப்புக்கு நடுவில் சிக்கிய ஆயில் ஃபில்டர்: எதை வைத்துக் கழற்றுவது, எவ்வளவு இறுக்குவது?

இரட்டைசிலிண்டர்:

வணக்கம். பைக் பேரலல் ட்வின் (பக்கம் பக்கமாக இரண்டு சிலிண்டர்), திருகிப் பொருத்தும் டப்பா வகை ஃபில்டர். எஞ்சினின் முன்முகத்தில், இரண்டு பெண்ட் பைப்புக்கும் (சைலன்சருக்குப் புகை போகும் வளைந்த குழாய்கள்) இடையில் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் விரல் நுழையும் இடம்தான். ஆயிலை வடித்தாயிற்று, ஃபில்டர் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. கப் ரென்ச் (டப்பாவின் முனையில் தொப்பி மாதிரி உட்காருவது) மாட்டித் திருகினால் வழுக்கி, டப்பாவின் முனையைச் சுற்றியுள்ள பட்டைகள் மழுங்க ஆரம்பித்துவிட்டன. வார் சுற்றிப் பிடிக்கும் ஸ்ட்ராப் ரென்ச்சின் தலை பைப்பில் முட்டுகிறது. ஸ்க்ரூடிரைவரை அடித்து இறக்கித் திருகச் சொல்கிறார்கள். அது சரியா? புதியதை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். முக்கால் சுற்று என்றும் படித்தேன், இரண்டு சுற்று என்றும் படித்தேன்.

ஸ்பேனர்பெட்டி:

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். நீங்கள் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

கப் வழுக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அளவை. கப் ரென்ச்சுக்கு இரண்டு எண் உண்டு: எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையிலான அகலம், பட்டைகளின் எண்ணிக்கை. ஜப்பானிய பைக்குகள் பலவற்றில் 65 மி.மீ., 14 பட்டை. ஆனால் 67, 68 மி.மீ. கப்களும் 14 பட்டையில் வருகின்றன. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஃபில்டர் மேல் மாட்டினாலும் உட்கார்ந்துவிடும். விசை கொடுக்கும்போதுதான் அந்த 2 மி.மீ. ஆட்டம் பட்டையின் முனையைச் சீவும். பைக் அதுவேயானாலும், போன முறை போட்ட ஃபில்டர் வேறு தயாரிப்பு என்றால் கப்பும் வேறாகலாம். காலிப்பரை வைத்து அளந்துவிடுங்கள், ஊகிக்க வேண்டாம்.

இரண்டாவது சந்தேகம் கப்பின் தரம். மெல்லிய தகட்டில் அழுத்திச் செய்த கப் விசை ஏறும்போது வாய் விரியும். வார்ப்பு அலுமினியக் கப் விரியாது, ஆனால் சுவர் தடிமன். உங்கள் பைப் இடைவெளியில் நுழையுமா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது கையில் இருப்பதை வைத்தே முயலலாம். டப்பாவிலும் கப்பின் உள்ளேயும் உள்ள எண்ணெயை பிரேக் கிளீனர் போட்டுச் சுத்தமாகத் துடையுங்கள். 80 நம்பர் உப்புத்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, சொரசொரப்பான பக்கம் டப்பாவைப் பார்க்க ஒரு சுற்று சுற்றி, அதன் மேல் கப்பை ரப்பர் சுத்தியால் தட்டி ஏற்றுங்கள். ஆட்டம் இருந்த இடத்தைத் தாள் நிரப்பிவிடும். கப்புக்கும் கைப்பிடிக்கும் நடுவே நீள எக்ஸ்டென்ஷன் தண்டு போடாதீர்கள், 75 மி.மீ. போதும். ஒரு கை எக்ஸ்டென்ஷனின் தலையை எஞ்சினை நோக்கி நேராக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், மறு கைதான் திருகும். கப் கொஞ்சம் சாய்ந்தாலும் இரண்டு மூன்று பட்டை மட்டுமே பாரம் சுமந்து வழுக்கும். ராட்செட்டை விட நீளக் கைப்பிடி உள்ள பிரேக்கர் பார் நல்லது. வெட்டி இழுக்காமல் சீராக விசையைக் கூட்டுங்கள்.

திசையையும் ஒரு முறை சரிபாருங்கள். ஃபில்டரின் மூடிய முனை உங்கள் முகத்தைப் பார்த்திருக்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசை. கீழ்நோக்கித் தொங்கும் ஃபில்டரை மேலிருந்து எட்டிப் பார்த்துத் திருகுபவர்கள் அரைமணி நேரம் இறுக்கிக்கொண்டே இருப்பது சகஜம்.

எண்ணெய்க்கறை:

மேலே சொன்னதோடு இரண்டு கருவியைச் சேர்க்கிறேன். மூன்று கால் ரென்ச் என்று ஒன்று உண்டு: திருகத் திருகக் கால்கள் உள்நோக்கி இறுகும். பட்டை மழுங்கிய டப்பாவுக்கு அதுதான் மருந்து. டப்பாவை நசுக்கும், ஆனால் எப்படியும் தூக்கிப் போடப்போவதுதானே. புது ஃபில்டரைப் போட மட்டும் அதைத் தொடாதீர்கள். கால்களின் தடிமனுக்குச் சுற்றிலும் இடம் வேண்டும், அளந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, மூடிய முனையில் 17 மி.மீ. நட் பற்றவைத்து வரும் ஃபில்டர்கள். இப்படி இடுக்கில் மாட்டும் பைக்குக்கு வசதி, வெறும் சாக்கெட்டே போதும். ஆனால் அந்த நட் கழற்றுவதற்கானது. இறுக்கவும் அதையே பிடித்தால் பாரமெல்லாம் பற்றவைத்த இடத்தில் விழும்.

ஸ்க்ரூடிரைவர் விஷயம். உங்கள் பைக்கில் அது வேலைக்கே ஆகாது, குத்தி இறக்கினாலும் கொஞ்சம் திரும்பியதுமே கைப்பிடி பைப்பில் இடிக்கும். இடம் உள்ள பைக்கில் வேறு வழியே இல்லாமல் செய்பவர்களுக்கு: எஞ்சினை ஒட்டிக் குத்தாதீர்கள், ஃபில்டர் ஏறும் ஸ்டட் அந்தப் பக்கம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மரை நசுங்கினால் செலவு வேறு ரகம். டப்பாவின் வெளிப்பாதியில் தடித்த தண்டுள்ள ஸ்க்ரூடிரைவரை இரு சுவரும் தாண்ட இறக்குங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் ஃபில்டரில் தண்டு டப்பாவைக் கிழித்துக்கொண்டு வருமே தவிர ஃபில்டர் திரும்பாது.

அப்படிக் கிழிந்து, காகிதமும் ஸ்பிரிங்கும் கையோடு வந்து, துளைகள் கொண்ட தடித்த அடித்தட்டு மட்டும் எஞ்சினில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். தட்டின் விளிம்பில் உளியை ஏறக்குறைய தொடுகோடாகச் சாய்த்து வைத்து, கழற்றும் திசையில் சின்னச் சின்ன அடியாகத் தட்டுங்கள். உளி நழுவி எஞ்சினின் சீல் முகத்தில் கீறல் விழக் கூடாது, அந்தக் கீறல் வழியே எந்தப் புது ஃபில்டரும் கசியும்.

ஃபில்டரோடு ஸ்டட்டும் சேர்ந்து திரும்பி வருவதும் உண்டு. வந்தால் சுத்தம் செய்து, மரைப் பசை போட்டு, மேனுவலில் சொன்ன உயரத்துக்கு நீட்டியிருக்கும்படி மறுபடி ஏற்ற வேண்டும். பழைய ஃபில்டரின் வாயைப் பார்க்காமல் குப்பையில் போட்டால் இது தெரியவே தெரியாது.

டார்க்ரென்ச்:

இறுக்கும் கேள்விக்கு வருகிறேன். ஃபில்டர் ஒட்டிக்கொள்வதே பெரும்பாலும் போன முறை போட்ட விதத்தால்தான்: ரப்பரில் எண்ணெய் தடவவில்லை, அல்லது ரென்ச் வைத்து ஒரு பிடி கூடுதலாக இறுக்கியாயிற்று. அதன் மேல் பெண்ட் பைப்பின் சூடு பட்டு ரப்பர் வேகிறது.

போடும்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயம் பழைய ரப்பர் வளையம். அது ஃபில்டரோடு வராமல் எஞ்சின் முகத்திலேயே ஒட்டி நிற்கும். கறுப்பு ரப்பர், கறுத்த எண்ணெய், இருட்டான இடம். டார்ச் அடித்து விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். அதன் மேல் புது ஃபில்டரை ஏற்றினால் இரண்டு ரப்பர் ஒன்றன்மேல் ஒன்று. நிற்கும்போது கசியாது, பிரஷர் ஏறியதும் பிதுங்கி, ஓடும் வண்டியின் பின் டயரில் ஆயில் கொட்டும். இந்த வேலையில் உயிருக்கே ஆபத்தான தவறு இது.

முகத்தைத் துடைத்து, புது ரப்பரில் விரலால் புது ஆயிலைப் பூசி, கையால் ஏற்றுங்கள். மரை சிக்காமல் இரண்டு மூன்று சுற்று தானாக ஓட வேண்டும். ரப்பர் முகத்தைத் தொட்டதும் டப்பாவில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்துதான் சுற்றுக் கணக்கு.

நீங்கள் படித்த இரண்டு கணக்கும் சரியே, பைக்தான் வேறு. பொதுவாக டப்பாவிலேயே அச்சிட்டிருப்பது முக்கால் சுற்று. சுசூகி தன் எஸ்வி650 போன்ற மாடல்களுக்கு ரப்பர் தொட்ட பின் 2 சுற்று, அதாவது சுமார் 20 நியூட்டன் மீட்டர் (இறுக்கும் முறுக்குவிசையின் அளவு) என்கிறது. ஹோண்டாவின் பல மாடல்களுக்கு 26, யமஹாவின் பலவற்றுக்கு 17. மரையின் ஏற்றம் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 1.5 மி.மீ. என்றால் முக்கால் சுற்றில் ரப்பர் சுமார் 1.1 மி.மீ. அமுங்கும், 2 சுற்றில் 3 மி.மீ. உயரமான ரப்பருக்கு எழுதிய கணக்கைக் குட்டையான ரப்பருக்குப் போட்டால் பிதுங்கிவிடும். ஆகவே உங்கள் பைக்கின் மேனுவல் சொல்வதை எடுங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் நுழையாத இடத்தில் எண்ணெய் படாத உலர்ந்த கையால் முடிந்தவரை இறுக்கினாலே பெரும்பாலும் அந்த முக்கால் சுற்று வந்துவிடும்.

புது ஃபில்டருக்குள் ஆயில் ஊற்றிப் போடுவது பற்றிச் சண்டை எப்போதும் உண்டு. உங்களுடையது படுக்கைவாட்டில் இருக்கிறது, ஊற்றினால் மாட்டும்போது வழிந்துவிடும். காகிதம் நனையும் அளவுக்குக் கொஞ்சம் விட்டால் போதும்.

இரட்டைசிலிண்டர்:

நன்றி. காலிப்பர் வைத்தேன்: ஃபில்டர் 65, என் கப் 67. உப்புத்தாள் சுற்றி ஏற்றியதில் ஃபில்டர் கழன்றுவிட்டது. ஆனால் கழன்ற நொடியில் மீதி ஆயில் இரண்டு பைப் மேலும் வழிந்திருக்கிறது. இதற்கு என்ன செய்வது? மேனுவலில் ஆயில் அளவு மூன்று விதமாகப் போட்டிருக்கிறதே, எதை எடுப்பது? டிரெயின் போல்ட்டின் (ஆயில் வடிக்கும் அடிப்போல்ட்) பழைய வாஷரையே திருப்பிப் போடலாமா?

வெட்கிளட்ச்:

பைப் ஆறிய நிலையிலேயே துணியால் துடைத்து, பிரேக் கிளீனர் அடித்து, அது உலர்ந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். மிச்சம் இருந்தால் கொஞ்ச நேரம் புகையும், அது கசிவா பழைய எண்ணெயா என்று குழப்பும். அடுத்த முறை சமையலறை அலுமினியத் தாளை இரண்டாக மடித்து, ஃபில்டருக்குக் கீழே சொருகி, ஓடை மாதிரி வளைத்துத் தட்டுக்குள் விடுங்கள். பைப்பில் ஒரு சொட்டு படாது.

மூன்று அளவு: ஆயில் மட்டும் மாற்றினால், ஃபில்டரும் மாற்றினால், எஞ்சினைப் பிரித்துக் கட்டினால். உங்களுக்கு நடுவில் உள்ளது. உதாரணமாக யமஹா எம்டி-07க்கு 2.3 லிட்டர், ஃபில்டரோடு 2.6. எடுத்த எடுப்பில் முழுதும் ஊற்ற வேண்டாம், பழையது கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும். 200 மில்லி குறைவாக ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள். ஆயில் பிரஷர் விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். மூன்று நிமிடம் ஓடட்டும், அந்த நேரத்தில் ஃபில்டரின் விளிம்பையும் டிரெயின் போல்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் கழித்து, வண்டியை நிமிர்த்திப் பிடித்து எஞ்சின் பக்கவாட்டிலுள்ள அளவுக் கண்ணாடியில் பார்த்து மீதியை ஊற்றுங்கள். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் அளவு தப்பாகவே காட்டும். குச்சி வைத்து அளக்கும் பைக்கில் குச்சியைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

வாஷர் நசுங்கித்தான் அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி அடைக்க இன்னும் கூடுதல் இறுக்கம் கேட்கும், அந்தக் கூடுதல் இறுக்கத்தில்தான் அலுமினிய ஆயில் சட்டியின் மரை போகிறது. புது வாஷர் போடுங்கள். பழையது எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். 12 மி.மீ. போல்ட்டுக்கு ஹோண்டாவின் பெரிய மாடல்கள் பலவற்றில் 30 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் பைக்கின் எண்ணை மேனுவலில் பாருங்கள்.

ஆயில் வாங்கும்போது ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தர முத்திரை) இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் கலவை உள்ள கார் ஆயில் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடும் ஈர கிளட்ச்சை நழுவ வைக்கும்.

ஸ்பேனர்பெட்டி:

ஒன்றை விட்டுவிட்டோம். அடுத்த முறை டிரெயின் போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே, அடியில் தட்டு வைத்து, ஃபில்டரைக் கால் சுற்று தளர்த்திப் பார்த்து மறுபடி கையால் இறுக்கிவிடுங்கள். அசையவில்லை என்றால் எஞ்சினில் ஆயில் இருக்கிறது, இரண்டு நிமிடம் ஓட்டிச் சூடாக்கி மறுபடி முயலலாம், சரியான கருவி வரும்வரை வண்டியை ஓட்டவும் செய்யலாம். வடித்த பிறகு சிக்கிக்கொண்டால் எதுவுமே முடியாது. ஆயில் ஊற்றும் மூடியையும் முதலிலேயே திறந்து பாருங்கள், காரணம் அதுவேதான்.

ஒற்றைக்குதிரை:

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது மூடிக்குள் போகும் காகித ஃபில்டர், மூன்று போல்ட். இதில் கவனிக்க வேண்டியது என்ன?

எண்ணெய்க்கறை:

கழற்றுவது சுலபம், தப்பாகப் போடுவது அதைவிடச் சுலபம்.

மூடியைத் திறந்ததும் எதையும் இழுக்காமல் ஒரு போட்டோ எடுங்கள்: ஸ்பிரிங் எந்தப் பக்கம், ஃபில்டரின் எந்த முகம் வெளியே. ஹோண்டாவின் பல ஒற்றை சிலிண்டர்களில் ஸ்பிரிங் எஞ்சின் பக்கம், ஃபில்டருக்குப் பின்னால் போகும், ஃபில்டரின் ஒரு முகத்தில் அவுட்சைடு என்று பொறித்திருக்கும், அது மூடியைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஆயில் போகும் வழியே அடைபடும். எஞ்சின் வழக்கம்போல ஸ்டார்ட் ஆகும், ஆனால் மேலே வால்வைத் திறக்கும் கேம் உலர்ந்து தேயும். வேறு கம்பெனிகளில் ஸ்பிரிங் மூடிப் பக்கம் இருக்கலாம், சிலவற்றில் ஸ்பிரிங்கே கிடையாது. ஸ்பிரிங்கை மறந்தால் ஃபில்டர் சரியாக உட்காராது, ஆயில் வடிகட்டாமலே சுற்றும்.

ஃபில்டர் உள்ளே இறுகி நின்றால் சர்க்ளிப் பிளையரை நடுத்துளையில் விட்டு, விரித்துப் பிடித்து இழுங்கள், வந்துவிடும். மூடியின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) புதிதாகப் போட்டு எண்ணெய் தடவுங்கள். சில மூடிகளின் உட்புறம் ஆயில் போகும் சின்னத் துளையைச் சுற்றி இன்னொரு குட்டி ஓ-ரிங் இருக்கும், பழைய துணியோடு சேர்ந்து காணாமல் போவது அதுதான்.

போல்ட் மூன்றும் பெரும்பாலும் 6 மி.மீ. மரை, 8 மி.மீ. தலை, 10 நியூட்டன் மீட்டர். நீளம் வேறுபடலாம், வந்த இடத்திலேயே போடுங்கள். நீளக் கைப்பிடி வேண்டாம், சின்ன டி-ஸ்பேனரை இரண்டு விரலில் பிடித்து, மூன்றையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மூடி சமமாக இறங்காமல் ஒரு பக்கம் தூக்கி நின்றால் ஓ-ரிங் பள்ளத்தை விட்டு வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். போல்ட்டைப் போட்டு இழுத்து உட்கார வைக்காதீர்கள், மூடியைக் கழற்றி ஓ-ரிங்கைப் பாருங்கள்.