பைத்தான்: சப்கிளாஸ் தானா லிஸ்ட்ல சேரல, எரரும் வரல. அவசரம்!

ரப்பர்ஷீட்: குலசேகரத்துல மாமாவோட ரப்பர் கடைக்கு எடை மெஷின் புரோகிராம் எழுதுறேன். ஷீட்டு, ஒட்டுப்பால் (மரத்துல ஒட்டி உறைஞ்சது), ரப்பர் பால் மூணுக்கும் மூணு கம்பெனி மெஷினாக்கும், அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிளாஸ். மூணுக்கும் பொதுவான பேஸ் கிளாஸ்ல இனிட்_சப்கிளாஸ் (சப்கிளாஸ் உருவாகும்போது தானா ஓடுற மெத்தட்) வச்சு லிஸ்ட்ல சேர்க்கேன். லேப்டாப்புல நல்லா ஓடுது, கடை கம்ப்யூட்டர்ல லிஸ்ட் காலி. நாளைக்குக் காலைல வேணும், யாராவது சொல்லுங்க.

குளச்சல்காரன்: எந்த வெர்ஷன்? விண்டோஸா லினக்ஸா? கோடு எங்க?

தக்கலைத்தம்பி: இம்போர்ட் ஆகியிருக்காது அண்ணா. அந்த ஃபைலை யாரும் இம்போர்ட் பண்ணலன்னா கிளாஸே உருவாகாது. எனக்கு எப்பவும் இதுதான் பிரச்சனை.

ரப்பர்ஷீட்: இம்போர்ட் ஆகுது, பிரிண்ட் போட்டுப் பார்த்தாச்சு. பைத்தான் 3தான்.

பழையபாம்பு: வெர்ஷன் சொல்லாம கேள்வி போடாதீங்கன்னு இங்க எத்தனை தடவை சொல்லியாச்சு. "3தான்"னா எது? புள்ளிக்குப் பொறவு உள்ளதையும் சேர்த்துச் சொல்லும் தம்பி.

ரப்பர்ஷீட்: 3.5.2. உபுண்டு 16.04

பழையபாம்பு: அதானே பார்த்தேன். இனிட்_சப்கிளாஸ் வந்தது 3.6ல, 2016 டிசம்பர். பெப் 487 (பைத்தான் மாற்றத்துக்கான முன்மொழிவு) வாசிக்கவும். 3.5க்கு அது வெறும் ஒரு மெத்தட், யாரும் கூப்பிடமாட்டாங்க, அதான் எரரும் இல்ல. அதே 3.6ல வந்த எஃப்-ஸ்ட்ரிங் ஒண்ணு எழுதியிருந்தா சின்டாக்ஸ் எரர் வந்து அப்பவே தெரிஞ்சிருக்கும். 3.5க்கு 2020லயே சப்போர்ட் முடிஞ்சாச்சு. அப்டேட் பண்ணும்.

ரப்பர்ஷீட்: முடியாது. பால் மெஷின்காரன் தந்த லைப்ரரி 3.5க்கு கம்பைல் பண்ணது. சோர்ஸ் கேட்டா தரமாட்டான்.

குளச்சல்காரன்: அப்போ மெட்டாகிளாஸ்தான் வழி, அதாவது கிளாஸை உருவாக்குற கிளாஸ். டைப்பை இன்ஹெரிட் பண்ணி ஒண்ணு எழுது. அதோட இனிட்ல, சூப்பர் இனிட் முடிஞ்ச பொறவு, சூப்பர்(கிளாஸ், கிளாஸ்) வழியா இனிட்_சப்கிளாஸைக் கூப்பிடு. சூப்பர் இல்லாம நேரா கூப்பிட்டா பேஸ் கிளாஸும் லிஸ்ட்ல வந்து உக்காந்துக்கும்.

3.6ல அது தானாவே கிளாஸ்மெத்தட். 3.5ல மேல கிளாஸ்மெத்தட் டெக்கரேட்டர் நீதான் போடணும். பேஸ் கிளாஸ் உருவாகும்போதும் மெட்டாகிளாஸ் ஓடும். அப்போ மேல ஆப்ஜெக்ட் மட்டும்தான், 3.5 ஆப்ஜெக்ட்ல இந்த மெத்தட் கிடையாது, அட்ரிபியூட் எரர் வரும். மெத்தட் இருக்கான்னு ஹேஸ்அட்டர் வச்சுப் பார்த்துட்டுக் கூப்பிடு. உன் லேப்டாப்புல 3.6 இல்லன்னா அதுக்கு மேல இருக்கும், அங்க மெத்தட் தானாவும் ஓடும், இதே கோடு ஓடினா ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை சேரும். அதனால வெர்ஷன் 3.6க்குக் கீழ இருந்தா மட்டும் கூப்பிடணும்.

கிளாஸ் வரியிலேயே போர்ட் பேரு மாதிரி ஏதாவது கொடுக்கிறியா? கொடுத்திருந்தா 3.5 கத்தியிருக்கும், அதனால இல்லன்னு நினைக்கேன்.

ஆரல்வாய்க்காத்து: மூணு மெஷினுக்கு மெட்டாகிளாஸா! பேஸ் கிளாஸ்ல சப்கிளாசஸ்னு ஒரு மெத்தட் பைத்தான் 2 காலத்துல இருந்தே கிடக்கு. கூப்பிட்டா லிஸ்ட் கையில வந்துடும்.

பழையபாம்பு: அது நேரடிப் பிள்ளைகளை மட்டும்தான் தரும். பேரப்பிள்ளை, அதாவது சப்கிளாஸோட சப்கிளாஸ், வராது.

ஆரல்வாய்க்காத்து: அவருக்குப் பேரப்பிள்ளை எங்க ஓய் இருக்கு?

பழையபாம்பு: இன்னைக்கு இல்ல. நாளைக்கு அதே கம்பெனி புது மாடல் விட்டா?

ஆரல்வாய்க்காத்து: விடும்போது பார்த்துக்கலாம். உங்களுக்கு எல்லாத்துக்கும் பெப் நம்பர் வேணும்.

தக்கலைத்தம்பி: ஒட்டுப்பாலுக்கு எதுக்கு தனி மெஷின்? எங்க ஊர் கடையில ஷீட்டு எடை போடுறதுலயேதான் போடுவாங்க.

குளச்சல்காரன்: ஒட்டுப்பால் சாக்கோட, ஈரத்தோட வரும். ஷீட்டு போடுற தட்டுல அதை வச்சா நாறிப்போகும் மக்கா. கேள்விக்கு வாங்க.

ரப்பர்ஷீட்: குளச்சல் அண்ணன் சொன்னதுதான் போட்டேன். மூணும் லிஸ்ட்ல வருது. நன்றி.

தக்கலைத்தம்பி: அண்ணா முழு கோடையும் இங்க போடுங்க, பின்னால வர்றவங்களுக்கு உதவும்.

தக்கலைத்தம்பி: அண்ணா?

தோவாளைப்பூ: எனக்கும் இதே பிரச்சனை. மெட்டாகிளாஸ் போட்டும் ஓடல. பைத்தான் 2.7.

பழையபாம்பு: 2.7ல மெட்டாகிளாஸைக் கொடுக்கிற விதமே வேற, கிளாஸ் வரியில இல்ல, உள்ள எழுதணும். சூப்பரும் வெறுமனே போட்டா ஓடாது. புது இழை தொடங்கித் தனியா கேளும். வெர்ஷன் சொன்னதுக்கு நன்றி.